ஏற்றத்தம்மன் குடித்த மஞ்சள்

மட்டாஞ்சேரி இஞ்சிக் குடோன் சந்தில் முன்பெல்லாம் ஒரு வெளியூர்க்காரர் நடந்து வந்தால், அவர் வழி தவறி வந்தவர் என்று அர்த்தம். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பூட்டிக் கிடக்கும் மசாலாக் குடோன்கள், சுவரெல்லாம் பாசி, பின்னால் ஒரு வாய்க்கால், வாய்க்கால் நிறைய ஊரார் போட்ட பிளாஸ்டிக். ஆனால் இந்தக் கார்த்திகை மாதம் நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வேன். திருச்சூரிலிருந்து வேன். எர்ணாகுளத்திலிருந்து படகு படகாக ஆட்கள். வரிசை சந்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, படகுத்துறை வரை நீண்டது. கைக்குழந்தையோடு வந்தவர்கள், பரீட்சை ஹால்டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்து வந்தவர்கள், காக்கநாட்டு ஐ.டி. கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த எஞ்சினியர்கள். இத்தனை பேரும் எதைப் பார்க்க வந்தார்கள்? ஒரு கிணற்றை.

சும்மா கிணறு இல்லை. தண்ணீர் ஏறும் கிணறு. ஜலானந்த சித்தர் கிணற்றடியில் உட்கார்ந்து, "ஏறம்மா ஏறு, ஏற்றத்தம்மா ஏறு" என்று பாடுவார். பாடப் பாடத் தண்ணீர் ஒவ்வொரு படியாக மேலே வரும். உள்சுவரில் தங்க வர்ணத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் சங்கு ஊதுவார்கள். அதைக் கண்ணால் கண்டவர்களுக்கு வியாபாரம் ஏறும், சம்பளம் ஏறும், பிள்ளைகளுக்கு மார்க் ஏறும். இரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் சித்தர் வாய் திறக்கவில்லை.

சித்தரின் முற்காலம் பற்றி மூன்று வரலாறுகள் உலவின. இமயமலையில் தவம் செய்தவர் என்பது ஒன்று. கடலுக்கடியில் தவம் செய்தவர் என்பது மற்றொன்று. மூன்றாவது வரலாறு அவ்வளவாக எடுபடவில்லை. அருண்பாண்டி என்ற பெயரில் போன மழைக்காலத்தில் இந்தக் குடோனுக்குக் காவல்காரராக வந்து சேர்ந்தவர் என்பது அது. முதலாளி துபாயில் இருந்தார். உள்ளே திருடுவதற்கு ஒன்றுமில்லை. காவல்காரருக்கு முற்றத்துக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தார், ஞானம் பிறந்தது. தாடி அதற்குப் பிறகுதான் வளர்ந்தது.

தரிசனத்துக்கு இன்ன நேரம் என்று கிடையாது. நாளைக்கு எப்போது எழுந்தருள்வேன் என்று அம்மன் சித்தரின் கனவில் வந்து சொல்வாள். சித்தர் அதை வாட்ஸ்அப்பில் போடுவார். இன்று காலையில் வந்தவள் நாளை சற்றுத் தாமதமாக வருவாள், நாளை மறுநாள் இன்னும் சற்றுத் தாமதமாக. கொச்சியில் ஓடுகிற தனியார் பஸ்களோடு பழகிய ஜனங்களுக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீரைத் தீர்த்தமாகக் கொடுப்பார்கள். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஒரு பெரியவர் தைரியமாகக் கேட்டே விட்டார்.

"சாமி, தீர்த்தம் ஏன் உப்பா இருக்கு?"

"உங்க எல்லாருடைய கண்ணீரையும் அம்மன் குடிச்சிருக்கா. வேற எப்படி இருக்கும்?"

பெரியவர் அழுதுவிட்டார். அந்தக் கண்ணீரும் கணக்கில் சேர்ந்தது.

சந்தேகப்படுகிற ஆட்கள் ஊரில் இல்லாமல் இல்லை. உள்ளே மோட்டார் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நாலு இளைஞர்கள் கொடி பிடித்தார்கள். சித்தர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். தோண்டினார்கள், துழாவினார்கள், டார்ச் அடித்தார்கள். மோட்டார் இல்லை, குழாய் இல்லை, குடோனுக்கு மின் இணைப்பே இல்லை. வெளியே வந்த இளைஞர்களில் ஒருவன் நெற்றியில் விபூதி இருந்தது. அன்றோடு சந்தேகம் தீர்ந்து கூட்டம் இரண்டு மடங்காயிற்று.

கூட்டம் இருக்கிற இடத்துக்கு அரசாங்கம் எப்படியும் வந்துவிடும். நகரச் சுற்றுலா மேம்பாட்டு மன்றத்தின் திட்ட மேலாளர் சுதீர் வந்தார். பாலக்காட்டில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார், பணத்தைப் பற்றி என்றால் எந்த மொழியிலும் 'கூட்டாண்மை' என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. ஒரே மாதத்தில் 'ஏற்றத்தம்மன் அதிசயச் சுற்றுலா வட்டம்' தயாராகிவிட்டது. மன்றம் ஒரு கூட்டாளி, ஹோம்ஸ்டே முதலாளிகள் சங்கம் ஒரு கூட்டாளி, சித்தரின் அறக்கட்டளை ஒரு கூட்டாளி. ஊடகக் கூட்டாளி நிகில். அவன் ஊர் ஊராகப் போய் வாயைப் பிளந்து வீடியோ போடுகிறவன், அவன் பின்னால் லட்சக்கணக்கான பேர் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் பொதுமக்களுடையது. சந்துக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலைத் தூர்வாருவதற்கென்று ஒதுக்கிய நிதி அது. சாக்கடை அள்ளுவதைப் பார்க்க எந்தச் சுற்றுலாப் பயணி வரப்போகிறான் என்று அதை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

ஒரு நிருபர் சுதீரிடம் கேட்டார். "இது மூடநம்பிக்கைக்கு அரசாங்கம் விளம்பரம் குடுக்கற மாதிரி ஆகாதா சாரே?"

"நாங்க யாரையும் நம்பச் சொல்லலையே. வரச் சொல்றோம், அவ்வளவுதான்" என்றார் சுதீர்.

இவ்வளவு அழகான பதிலை அரசாங்கம் சார்பில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

இனி ரோஜாவைப் பார்ப்போம். குடோனை ஒட்டினாற்போல இட்லிக்கடை வைத்திருப்பவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மூட்டை தூக்க வந்தவர். இவள் பிறந்ததே மட்டாஞ்சேரியில்தான். தமிழில் திட்டுவாள், மலையாளத்தில் கணக்குப் போடுவாள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை இந்த அடுப்பில்தான் படிக்க வைத்தாள், பெரியவள் நர்ஸ், சின்னவள் கல்லூரியில். கிணறு ஏற ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கடையில் மாவு மிஞ்சியதே இல்லை. சித்தருக்கு மூன்று வேளையும் இலவசம். 'ஏற்ற தோசை' என்று ஒன்றைக் கண்டுபிடித்துச் சாதாரணத் தோசையை விட இரண்டு விரற்கடை உயரமாகச் சுட்டு விற்றாள். அம்மன் மேல் அவளுக்கு இருந்த பக்தியில் பொய் இல்லை. விற்பனை ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறவளுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுதீர் திட்ட வரைபடத்தைப் பெரிய பேனராக அடித்துச் சந்து முனையில் கட்டினார். ரோஜா தன் கடையை அதில் ஆசையோடு தேடினாள். குடோன் இருந்தது, கிணறு இருந்தது, சித்தர் தியான மண்டபம் இருந்தது, செல்ஃபி மேடை இருந்தது. அவளுடைய கடை இருக்க வேண்டிய இடத்தில் நீல வர்ணத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் 'பாதுகை காப்பகம்' என்று எழுதியிருந்தது.

"பாதுகைன்னா என்ன சுதீர் சாரே?"

"செருப்பு, சேச்சி. பக்தர்கள் செருப்பு வைக்கற இடம்."

"அப்ப என் கட?"

"சேச்சி விஷமிக்கண்டா, கவலப்படாதீங்க. காக்கநாட்டுல ஒரு கியோஸ்க் தரோம். மன்றமும் சேச்சியும் கூட்டாண்மையா..."

"காக்கநாட்டுல எனக்கு யாரத் தெரியும்? ஒரு படகு, ரெண்டு பஸ் மாறிப் போய் அங்க யாருக்கு நான் இட்லி அவிக்க?"

சுதீருக்கு அவசர அழைப்பு வந்துவிட்டது. ரோஜா நேராகச் சித்தரிடம் போனாள். இத்தனை நாள் தன் கையால் தின்றவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை தப்பிவிடும் என்று நம்பினாள். சித்தர் அவளுடைய பொங்கலைத்தான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலை நக்கிவிட்டுக் கண்ணை மூடினார்.

"அம்மன் கேக்கறா. குடுத்துடு ரோஜா. எல்லாருக்கும் கிடைக்கற பாக்கியமா இது?"

"கட போயிட்டா உங்களுக்குப் பொங்கல் யாரு தருவா சாமி?"

"மன்றம் ஏற்பாடு பண்ணும்."

அங்கேதான் ரோஜாவின் பக்தியில் முதல் கீறல் விழுந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான். அடுத்தவன் தலையில் கல் விழும்வரை அது ஆண்டவன் செயல், நம் தலையில் விழுந்த பிறகுதான் எறிந்தது யார் என்று பார்ப்போம்.

மறுநாள் காலை அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே இட்லி ஊற்றுவதைப் பார்த்தவள் ஜெயலக்ஷ்மி. பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். வீட்டில் சமைக்கச் சோம்பல், நாக்கு மட்டும் நீளம். தினமும் ரோஜா கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். டீச்சர் என்பதற்காக அவளை ரொம்ப உயர்த்திவிட வேண்டாம். சந்திரன் இழுக்கிறது, கடல் ஏறுகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள், இரண்டு மாதமாக அந்த வரிசையை விலக்கிக்கொண்டு கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்திருக்கிறாள். ஊர் பைத்தியம் பிடித்து அலைகிறது என்று முணுமுணுத்ததோடு சரி.

ரோஜா கதை முழுவதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே குனிந்து, கேஸ் சிலிண்டரை இழுத்துச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றினாள். அரிசி மூட்டையைப் பெஞ்சு மேல் தூக்கி வைத்தாள்.

"இதெல்லாம் எதுக்கு ஏத்தறே?" என்று டீச்சர் கேட்டாள்.

"வேலியேற்றம், டீச்சரே. இப்பத் தண்ணி கேறிடும்."

கார்த்திகையிலும் மார்கழியிலும் கடல் பொங்கி, உப்புத்தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தெருவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வந்து, சில மணி நேரத்தில் வடிந்து போகும். அதைத்தான் இங்கே வேலியேற்றம் என்பார்கள். மட்டாஞ்சேரியில் அது யாருக்கும் அதிசயமில்லை. மாநகராட்சியைத் திட்டிக்கொண்டே சாமானை உயரத்தில் வைப்பார்கள்.

"இப்பன்னா எப்ப வரும்?"

"எப்பவும் போல தர்சன நேரத்துக்குத்தான் டீச்சரே வரும். தர்சனத்துக்கு முந்தி நான் சிலிண்டர ஏத்திடு..."

ரோஜாவின் வாய் அப்படியே நின்றது. கரண்டியிலிருந்து மாவு சொட்டியது. டீச்சரும் வாயில் வைத்த இட்லியை மெல்லாமல் அவளையே பார்த்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள் டீச்சர்.

"நேத்து தர்சனம் லேட்டு. தண்ணியும் லேட்டு. முந்தாநாளும் அப்படித்தான். வரிசையில நிக்கறவங்க எல்லாம் சேலையத் தூக்கிப் பிடிச்சிட்டுத்தான் நிக்கறாங்க. நானும் பாத்துட்டுத்தான இருக்கேன்?"

"நீ மட்டுமா? பாடம் எடுக்கறவ நான். எனக்கு வெக்கமா இருக்கு."

வெட்கம் அவளுக்கு மட்டும் வரவேண்டியதில்லை. தெருவில் கால் நனைத்தால் அது வேலியேற்றம், நான்கு சுவருக்குள் கிணறு நனைந்தால் அது அம்மன் அருள். ஒரே கடல், ஒரே தண்ணீர், நடுவில் ஒரு செங்கல் சுவர். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர்.

ரோஜா அப்போதே வெளியே போய்க் கத்துவதற்குக் கிளம்பினாள். டீச்சர் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ கத்தினா கட போற வயித்தெரிச்சல்னு சொல்லுவா. நான் கத்தினா நாஸ்திகம்னு சொல்லுவா. தண்ணி எந்த வழியா வரதுன்னு நாம முதல்ல பாக்கணும். அப்பறம் அவாளைப் பாக்க வெக்கணும்."

"அந்தப் பசங்க துழாவிப் பாத்தாங்களே, ஒண்ணும் இல்லியே."

"அவா மோட்டாரைத் தேடினா. ஓட்டையைத் தேடலை. கிணத்துல கலர் கலந்தா, தண்ணி வடியறச்சே கலர் எங்க போறதுன்னு தெரிஞ்சுடும். இந்தத் தெருவுல கலருக்கா பஞ்சம்?"

மசாலாக் கடைத்தெருவில் மஞ்சளுக்குப் பஞ்சம் வந்தால் உலகம் அழிந்துவிடும். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் தரிசனத்துக்கு, ரோஜா ஒரு பெரிய மூட்டை மஞ்சள் பொடியோடு வரிசையில் நின்றாள். அம்மனுக்கு மஞ்சள் அபிஷேகம் என்று வேண்டுதல். சித்தருக்கு முகமெல்லாம் பல். கடையைக் கேட்ட அம்மனுக்குக் கடைக்காரி கையாலேயே அபிஷேகம். நிகில் அதைப் படம் பிடித்து 'கண்ணீர் மல்கும் பக்தை' என்று தலைப்பும் போட்டுவிட்டான். மஞ்சள் நெடியில் எல்லோருக்கும்தான் கண்ணீர் மல்கியது. தங்கக் கோடு வரை ஏறியிருந்த தண்ணீர் முழுவதும் சாம்பார் நிறத்துக்கு மாறியது.

"அம்மன் குடிக்கிறா பாருங்க" என்றார் சித்தர்.

அம்மன் குடித்தாள். வேலியிறக்கம் தொடங்கியதும் துப்பவும் ஆரம்பித்தாள். ரோஜா கடையின் பின்வாசல் வாய்க்காலுக்குத்தான் திறக்கும். அந்தப் படியில் டீச்சரும் ரோஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க, குடோன் சுவர் ஓரம் ஓரிடத்திலிருந்து மஞ்சளாக ஒரு கோடு புறப்பட்டு, கறுத்த வாய்க்காலில் நெளிந்து நெளிந்து கடல் பக்கமாகப் போயிற்று.

"அம்மனுக்கு ஒத்துக்கலையா டீச்சரே?" என்றாள் ரோஜா. பாதி கிண்டல், பாதி பயம். பழகிய பக்தி ஒரே நாளில் போய்விடுமா?

"துப்பற வாய் எங்கன்னு தெரிஞ்சாச்சு. குடிக்கற வாயும் அதுதானான்னு நாளைக்குப் பாத்துடலாம்."

தண்ணீர் நன்றாக வடிந்ததும் வாய் வெளியே தெரிந்தது. செடியும் பிளாஸ்டிக்குமாக மூடிக் கிடந்த, கருங்கல் வைத்துக் கட்டிய பழைய துளை. எந்தக் காலத்து மிளகு வியாபாரியோ குடோனைக் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று வாய்க்காலிலிருந்து கிணற்றுக்கு விட்ட வழி. காவல்காரர் அருண்பாண்டி வெறுமனே உட்கார்ந்து கண்டுபிடித்த ஞானம் முழுவதும் அந்தத் துளைக்குள்தான் இருந்தது. ரோஜா ஒரு சாக்கில் களிமண்ணை அடைத்து, கயிறு கட்டி, துளையில் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினாள். அந்த உதையில் செருப்புக் காப்பகத்தின் மேல் இருந்த கோபமும் சேர்ந்திருந்தது. கயிற்றின் மறுமுனையைக் கடை ஜன்னல் கம்பியில் கட்டினாள். சித்தர் அப்போது எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில், கூட்டாளிகளோடு கூட்டாண்மையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் திறப்பு விழா. சித்தர் அனுபவசாலி. அமைச்சர்கள் எப்படி வருவார்கள் என்று தெரிந்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரம் கொடுத்திருந்தார். அமைச்சர் அதேபோல ஒரு மணி நேரம் தாமதமாக, சரியான நேரத்துக்கு வந்தார். அன்றைக்குக் கடல் இன்னும் உற்சாகமாக இருந்தது. சந்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அமைச்சருக்காக விரித்த சிவப்புக் கம்பளம் செண்டை மேளக்காரர்களோடு சேர்ந்து மிதந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அமைச்சர் குடோன் முற்றத்துக்குள் நடந்தார். முற்றத்திலும் தண்ணீர்தான். சுதீர் புது ஷூவைக் கையில் பிடித்திருந்தார். நிகிலின் நேரலையை முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் தங்கள் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்ப்பதை விட அதில்தான் நம்பிக்கை அதிகம்.

சித்தர் கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேல் பத்மாசனம் போட்டுப் பாடத் தொடங்கினார். "ஏறம்மா ஏறு."

தண்ணீர் அடியில் கிடந்தது.

"ஏறம்மா ஏறு, ஏற்றத்தம்மா ஏறு."

அம்மன் அசையவில்லை. சித்தர் எட்டிப் பார்த்தார். சுருதியை ஏற்றினார். ராகத்தை மாற்றினார். சுவருக்கு வெளியே எல்லோர் காலிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, சுவருக்கு உள்ளே மட்டும் இல்லை. அன்றைய தேதியில் இஞ்சிக் குடோன் சந்தில் தண்ணீர் ஏறாத ஒரே இடம் அந்தக் கிணறுதான். அப்படிப் பார்த்தால் அதுவே பெரிய அதிசயம், ஆனால் அதற்கு யாரும் பேனர் அடிக்கவில்லை.

சித்தரின் தாடியில் வேர்வை சொட்டியது. தொழில் தெரிந்தவர், சட்டென்று எழுந்து கையை உயர்த்தினார்.

"இங்க நம்பிக்கையில்லாத ஒரு ஆத்மா இருக்கு. அதான் அம்மன் தயங்கறா."

கூட்டம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டது. மோட்டார் தேடிய இளைஞன் இன்னும் கொஞ்சம் விபூதி பூசிக்கொண்டான். டீச்சர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செய்வதுபோல் கையைத் தூக்கினாள்.

"அந்த ஆத்மா நான்தான். ஜெயலக்ஷ்மி. கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். நான் வெளியில போயிட்டா ஏறுமா?"

"ஏறும்" என்றார் சித்தர், வேறு வழியில்லாமல்.

டீச்சர் வெளியே போய் வாசலுக்கு அப்பால் நின்றாள். சித்தர் பாடினார். ஏறவில்லை. டீச்சர் வாசலில் இருந்தே பேசினாள்.

"சாமி, நான் போயும் ஏறலை. இப்ப நான் ஒண்ணு சொல்றேன். நீங்க வாயைத் திறக்காம கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்கோ. பாட்டும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். கிணறு தானா ஏறும். நிகில், நீ கேமராவை எடுத்துண்டு ரோஜா கடைப் பின்வாசலுக்கு வா."

சித்தர் ஆட்சேபிக்க வாயெடுத்தார். அமைச்சருக்கு நின்று நின்று கால் விறைத்துப் போயிருந்தது.

"சும்மா இருங்க சாமி, ரெண்டு நிமிஷம்தானே" என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாகச் சித்தர் உண்மையிலேயே மௌன விரதம் இருந்தார். நிகிலுக்கு எது உண்மை என்பதில் அக்கறையில்லை, எது ஓடும் என்பது தெரியும். அவன் ஓடினான். பின்வாசலில் ரோஜா சேலையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றாள். இழுத்துப் பார்த்து ஒன்றும் நடக்காவிட்டால், கடையும் போய், பைத்தியக்காரி என்ற பேரும் மிஞ்சும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். சாக்கு வரவில்லை. படியில் காலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

சாக்கு பிடுங்கிக்கொண்டு வந்தது. வாய்க்கால் தண்ணீர் சுழித்துக்கொண்டு துளைக்குள் பாய்ந்தது. உள்ளே கிணற்றில் பெரிதாகக் கொப்பளிக்கும் சத்தம். நேற்று மிஞ்சிய மஞ்சள் நுரையோடு தண்ணீர் மளமளவென்று ஏறி, தங்கக் கோட்டைத் தொட்டு, தாண்டியும் போனது. சித்தரின் வாய் மூடித்தான் இருந்தது. பழக்க தோஷத்தில் ஒருவர் சங்கை ஊதிவிட்டு, மற்றவர்கள் முறைக்கவும் நிறுத்திக்கொண்டார். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, செல்போனைப் பார்த்துக் கையை இறக்கினார்கள். செல்போனில் துளை தெரிந்தது, சாக்கு தெரிந்தது, கயிற்றோடு ரோஜா தெரிந்தாள்.

"இதாக்கும் உங்க அம்மன்" என்று நேரலையில் ரோஜா மூச்சு வாங்கச் சொன்னாள். "கடல் கேறினா கேறும், கடல் எறங்கினா எறங்கும். சாமி பாடினாலும் கேறும், என் கடப் பூனை கத்தினாலும் கேறும். இந்த ஓட்டைக்குத்தான் என் கடைய இடிச்சு செருப்பு வைக்கப் போறாங்க."

முற்றத்தில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பக்கத்து ஆளுக்குத் தொற்றியது. தீர்த்தத்தில் கண்ணீரைச் சேர்த்த பெரியவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

சித்தர் கடைசி முயற்சியாக, "அந்தத் துளையே அம்மன் திருவாய்தான்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. வாசலை நோக்கி நகர்ந்தார். அவரை யாரும் துரத்தவும் இல்லை. தண்ணீரில் துரத்துவது கஷ்டம், ஓடுவதும் கஷ்டம். காவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சந்தின் நீளம் முழுக்கச் சளக் சளக்கென்று மெதுவாக நடந்து போனார். நிகில் கூடவே நடந்து, பேட்டி எடுத்துக்கொண்டே போனான். படகுத்துறையில் போலீஸ்காரர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அமைச்சர் தன் நனைந்த வேட்டியைப் பார்த்தார், பிறகு கேமரா இன்னும் ஓடுகிறதா என்று பார்த்தார், பிறகு சுதீரைப் பார்த்தார்.

"இந்தப் பணம் முதல்ல எதுக்கு வச்சிருந்தது?"

"வாய்க்கால் தூர்வார, சார்."

"எந்த வாய்க்கால்?"

சுதீர் ஷூவால் பின்பக்கத்தைக் காட்டினார். பணத்தைப் பற்றி அவரிடமிருந்து கூட்டாண்மை இல்லாத வாக்கியத்தை ஊர் அன்றுதான் கேட்டது. பேனர் அன்றைக்கே இறங்கியது. அடுத்த வாரம் வாய்க்காலில் இயந்திரம் இறங்கியது. அமைச்சருக்குப் புத்தி வந்தது என்று சொல்ல மாட்டேன், கேமரா இருந்தது என்றுதான் சொல்வேன். எப்படியோ, ரோஜாவின் அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தோசையின் உயரம் பழையபடி குறைந்துவிட்டது, ருசி குறையவில்லை.

ஆனால் நேரலையைப் பாதியோடு நிறுத்திவிட்டு, முடிவு தெரியாமலே இருந்தவர்களும் உண்டே. நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது சேலத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அன்றும் சந்தில் தண்ணீர். ஒரு அம்மாள் கையில் தேங்காய்த் தட்டோடு இறங்கினார். ரோஜா அவரைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்த் துளையைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள். அம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"அதிசயம் பாக்கலாம்னு ராத்திரி முழுக்கத் தூங்காம வந்தோமே" என்றார்.

"அதிசயம் இருக்கும்மா, பாக்காமப் போகாதீங்க" என்றாள் ரோஜா. "இதே தண்ணியில கால வச்சு நின்னுக்கிட்டு, தண்ணி எங்கேருந்து வருதுன்னு ரெண்டு மாசம் கெணத்த எட்டிப் பாத்தோம். நானுந்தான். அதவிடப் பெரிய அதிசயம் இந்தக் கொச்சியில கெடையாது. இனிமே எவனாச்சும் கும்பிடச் சொன்னா, கும்பிடுறதுக்கு முந்தி ஒரு தடவ குனிஞ்சு உங்க காலப் பாத்துக்குங்க."

அம்மாள் குனிந்து பார்த்தார்.